ஒரே கியரில் ஓடும் மனம்

பால்டிக் கடலில் கோட்லாந்து என்றொரு தீவு, சுவீடனைச் சேர்ந்தது. 1983-84ஆம் ஆண்டுகளில் அந்தத் தீவின் பொது மருத்துவர்களுக்கு, மனச்சோர்வைக் கண்டுபிடிக்கவும் அதற்கு வைத்தியம் பார்க்கவும் சிறப்புப் பயிற்சி அளிக்கப்பட்டது. வோல்ஃப்காங் ரூட்ஸ் என்ற மனநல மருத்துவர் அதன் பலனை ஆண்டுக்கணக்கில் கவனித்துவந்தார். பயிற்சி வீண்போகவில்லை. வெறும் அமைதி மாத்திரைகளை எழுதிக்கொடுப்பது குறைந்தது. மனச்சோர்வுக்கான மருந்து தேவைப்பட்டவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. தற்கொலைகள் கண்கூடாக இறங்கின. ஆனால் கணக்கை ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. குறைந்தவை ஏறக்குறைய எல்லாமே பெண்களின் தற்கொலைகள். ஆண்களின் எண்ணிக்கையில் அசைவே இல்லை.

மருத்துவர் எவ்வளவு நன்றாகக் கற்றிருந்தாலும் வாசலுக்கே வராதவரை அவரால் குணப்படுத்த முடியாது. இறந்துபோன ஆண்களை மருத்துவமனைகளுக்குத் தெரிந்திருக்கவில்லை; காவல்துறைக்கும் சமூகநலத் துறைக்கும் தெரிந்திருந்தது. துயரம் அவர்களுக்கும் இருந்தது. அது துயரம் என்ற தலைப்பின் கீழ் எங்கும் பதிவாகவில்லை, அவ்வளவுதான்.

ஆண் மனத்தைப் பற்றிய அறிவியல் இந்தப் புதிரிலிருந்துதான் வேகமெடுக்கிறது. உள்ளே அடக்கப்பட்டது எங்கே போகிறது? உறுதியான மனம் என்று நாம் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

கோபத்தின் வேடத்தில்

மனச்சோர்வு என்றதும் மூலையில் முடங்கிக் கண்ணீர் விடும் ஒருவரைத்தான் மனம் கற்பனை செய்கிறது. ரூட்ஸ் கண்ட ஆண்களின் சோர்வு இப்படி இல்லை. சின்ன விஷயத்துக்கும் எரிந்துவிழுவது, எதிலும் முடிவெடுக்கத் திணறுவது, தூக்கம் கெடுவது, வேலையில் வெறித்தனமாக மூழ்குவது, குடி கூடுவது என்று அது வேறு வழிகளில் வெளியேறிக்கொண்டிருந்தது. இந்த அறிகுறிகளையும் கேட்டறியும் 13 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் பின்னர் அந்தத் தீவின் பெயராலேயே உருவானது.

2013இல் லிசா மார்ட்டின் குழுவினர் அமெரிக்காவின் பெரிய மனநலக் கணக்கெடுப்பு ஒன்றின் தரவுகளை மறுபடி அலசினார்கள். வழக்கமான அளவுகோல்களின்படி மனச்சோர்வு பெண்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு. கோபவெடிப்பு, போதைப் பழக்கம், ஆபத்தில் தலையைக் கொடுப்பது போன்ற அறிகுறிகளையும் வழக்கமான அறிகுறிகளோடு சேர்த்து எண்ணியபோது ஆண்கள் 30.6%, பெண்கள் 33.3% என்று வந்தது. இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. பெண்களின் துயரம் குறைவு என்பதற்கு இது சான்றாகாது. எந்த அளவுகோலை எடுக்கிறோமோ அதற்கேற்பத்தான் நோயாளி கண்ணில் படுவார் என்பதற்கு இது சான்று.

இந்தியாவிலும் இதன் தடயம் தெரிகிறது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் உள்ளவர்கள் ஆண்களில் 13.9%, பெண்களில் 7.5%. ஆண்களின் எண்ணிக்கை ஏறியதற்கு முக்கியக் காரணம் மதுவும் பிற போதைகளும். மதுப்பழக்கக் கோளாறு உள்ளவர்களில் 86 சதவீதத்தினர் சிகிச்சையே பெறவில்லை என்றும் அந்த ஆய்வு சொன்னது. மாலையில் டாஸ்மாக் வாசலில் நிற்கும் கூட்டத்தில் எத்தனை பேர் போதைக்காக வந்தவர்கள், எத்தனை பேர் தூக்கத்துக்காக வந்தவர்கள் என்று யாரும் கேட்பதில்லை. மது முதலில் சற்று நேரம் பதற்றத்தைத் தணிக்கும். பின்னிரவில் தூக்கத்தைத் துண்டாக்கும். மறுநாள் சோர்வைக் கூட்டிவைக்கும். மருந்தென்று எடுத்ததே நோயை வளர்க்கும்.

டாக்டரிடம் போகிறவர்களும் மனத்தைப் பற்றிப் பேசுவதில்லை. "நெஞ்சு படபடங்குது, கேஸ் மாதிரி இருக்கு", "தலை பாரமா இருக்கு", "உடம்பு அசதி தாங்கல" என்பார்கள். ஈசிஜி எடுப்பார்கள், எல்லாம் சரியாக இருக்கும். "டென்ஷனைக் குறைங்க" என்ற அறிவுரையோடு வீடு திரும்புவார்கள்.

இந்த மௌனத்தின் விலையைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஏடுகளில் பார்க்கலாம். 2022இல் இந்தியாவில் பதிவான தற்கொலைகள் 1,70,924. அவற்றில் ஆண்கள் 1,22,724 பேர்; நூற்றுக்கு எழுபதுக்கும் மேல். இறந்தவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் தினக்கூலித் தொழிலாளர்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடியாக அதிக எண்ணிக்கை தமிழ்நாட்டில்: 19,834. கடனும் வேலையின்மையும் பயிர் நட்டமும் மனத்துக்குள் முளைப்பவை அல்ல. கூலியும் கடன் நிவாரணமும் தர வேண்டியதை மனப்பயிற்சி தந்துவிடாது. ஆனால் ஒரே அளவு கடனில் ஒருவர் உடைகிறார், இன்னொருவர் தாக்குப்பிடிக்கிறார். அந்த வேறுபாட்டில் மனத்தின் பங்கு என்ன என்பதைத்தான் இனி பார்க்கப்போகிறோம்.

அடக்கும்போது நடப்பது

ஆண்கள் பிறவியிலேயே உணர்ச்சி குறைந்தவர்கள் என்று நினைத்தால், எட்வர்ட் ட்ரோனிக் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்க வேண்டும். ஆறு மாதக் குழந்தைகளைத் தாயோடு முகம்பார்த்து விளையாடவிட்டு, திடீரெனத் தாயை முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் இருக்கச் சொன்னார்கள். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளே அதிகம் சிணுங்கின, அழுதன, தூக்கச் சொல்லித் தவித்தன. அதே குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயதில் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு வந்தால், "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்கிறோம். அது கண்ணீரைத் துடைத்துக்கொள்கிறது. உணர்ச்சியை அல்ல, முகத்தை மாற்றக் கற்றுக்கொள்கிறது.

முகத்தை மாற்றுவதால் உள்ளே என்ன ஆகிறது? ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் இருவரும் 1993இல் இதைச் சோதித்தார்கள். கையைத் துண்டிக்கும் அறுவைச் சிகிச்சைப் படத்தைப் பார்க்கச் சொல்லி, ஒரு பகுதியினரிடம் மட்டும் "உங்களுக்கு ஏதாவது உணர்ச்சி ஏற்படுகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது" என்றார்கள். அவர்கள் முகத்தை நன்றாகவே அடக்கினார்கள். ஆனால் அருவருப்பு துளியும் குறையவில்லை. தோலில் வியர்வைச் சுரப்பு ஏறியது. விரல் நுனி நாளங்கள் சுருங்கின. முகம் அமைதியாக இருக்க, உடம்பு கூடுதலாக உழைத்தது.

1998இல் கிராஸ் இன்னொரு வழியையும் சேர்த்துச் சோதித்தார். சிலரிடம், மருத்துவக் கண்ணோடு, தொழில்நுட்ப ஆர்வத்தோடு அந்தப் படத்தைப் பார்க்கச் சொன்னார். அவர்களுக்கு அருவருப்பே குறைந்தது. உடம்பிலும் கூடுதல் சுமை ஏறவில்லை. முதல் வழி மறைத்தல். இரண்டாவது வழி மாற்றிப் பார்த்தல். பின்னர் ஆலிவர் ஜானுடன் சேர்ந்து 2003இல் அவர் வெளியிட்ட ஆய்வில் ஆண்கள் பெண்களைவிட அதிகம் மறைக்கிறார்கள் என்று தெரிந்தது. மாற்றிப் பார்ப்பதில் ஆண், பெண் வேறுபாடு காணப்படவில்லை. ஆண்களுக்கு நம்பிக்கை தர வேண்டிய செய்தி இது. திறமை இருக்கிறது, பழக்கம்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது.

மறைப்பதன் விலையை எதிரில் இருப்பவரும் கட்டுகிறார். எமிலி பட்லர், கிராஸ் முதலியோர் முன்பின் அறிமுகமில்லாத பெண்களை இருவர் இருவராக உட்காரவைத்து, மனத்தைக் கலக்கும் ஒரு படத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒருவர் தன் உணர்ச்சியை மறைத்தபடி பேசியபோது, அது தெரியாமல் எதிரே அமர்ந்திருந்தவரின் ரத்த அழுத்தம் உயர்ந்தது. அப்பா எதுவும் சொல்லவில்லை என்றாலும் வீடே இறுகிக்கிடப்பதை அனுபவித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

அப்படியென்றால் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டுமா? அதுவும் சரியல்ல. 2001 செப்டம்பர் தாக்குதலை ஒட்டி நியூயார்க்கில் படித்துக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களை ஜார்ஜ் பொனானோ ஆராய்ந்தார். உணர்ச்சியை வெளிக்காட்டச் சொன்னபோது காட்டவும், அடக்கச் சொன்னபோது அடக்கவும் இரண்டும் முடிந்தவர்களே அடுத்த இரண்டு ஆண்டுகளில் மனக்கலக்கம் குறைந்தவர்களாக இருந்தார்கள். தீயணைப்பு வீரரும் அறுவைச் சிகிச்சை நிபுணரும் வேலை நேரத்தில் நடுக்கத்தை ஒத்திவைத்தே ஆக வேண்டும். அது திறமை. மலைப்பாதையிலும் நெடுஞ்சாலையிலும் சந்தை நெரிசலிலும் ஒரே கியரில் வண்டி ஓட்டினால் எஞ்சின் என்ன ஆகுமோ, அதுதான் எல்லா நேரமும் அடக்கிக்கொண்டே இருக்கும் மனத்துக்கும் ஆகிறது. அடக்கம் தவறில்லை, அது மட்டுமே தெரிந்திருப்பது தவறு.

நீலகிரி போய்வந்த மருத்துவர்

மாற்றிப் பார்ப்பதன் பலனைக் கிராஸ் சோதித்துக் காட்டுவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மருத்துவர் அதைக் கையாண்டிருந்தார். அவர் பெயர் வில்லியம் ரிவர்ஸ். 1901-02இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே ஆய்வு செய்து, 1906இல் அவர்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதிய அதே ரிவர்ஸ்தான். மருத்துவமும் உளவியலும் மானுடவியலும் ஒருங்கே கற்றவர்.

முதல் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு நடுவே பதுங்குகுழிகளில் மாதக்கணக்கில் கிடந்த சிப்பாய்கள் நடுக்கம், ஊமைத்தன்மை, முடக்கம், கொடுங்கனவு என்று சரிந்து விழுந்தார்கள். போர் முடிவதற்குள் பிரிட்டிஷ் படையில் மட்டும் இப்படிப்பட்டவர்கள் சுமார் 80,000 பேர். கோழைத்தனம், படையை விட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காகச் சுட்டுக்கொல்லப்பட்டவர்களும் உண்டு. அவர்களில் 306 பேருக்கு 2006இல்தான் பிரிட்டிஷ் அரசு மன்னிப்பு வழங்கியது. லண்டன் மருத்துவமனை ஒன்றில் லூயிஸ் யெலண்ட் என்ற மருத்துவர், பேச்சிழந்த சிப்பாயின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சி, பேசும்வரை அறையை விட்டு வெளியே விடாமல் வைத்திருந்தார். பேச்சு வந்தது. அது குணமானதாகக் கணக்கு வைக்கப்பட்டது.

எடின்பரோவுக்கு அருகே கிரெய்க்லாக்கர்ட் மருத்துவமனையில் இருந்த ரிவர்ஸிடம் வந்தவர்கள் ராணுவ அதிகாரிகள். போரைப் பற்றி நினைக்காதே, மறந்துவிடு, மனத்தை வேறு பக்கம் திருப்பு என்பதே அவர்களுக்கு எல்லோரும் சொல்லியிருந்த அறிவுரை. பகலெல்லாம் அப்படி விரட்டிய நினைவு இரவில் கனவாகத் திரும்பி வந்தது. ஒரு வாலிப அதிகாரி, தன் நண்பனின் உடல் குண்டில் சிதறிக்கிடந்ததைக் கண்ணால் கண்டவர். அந்தக் காட்சியே இரவு தோறும் வந்தது. ரிவர்ஸ் அதை மறக்கச் சொல்லவில்லை, பேசவைத்தார். பிறகு ஒன்றைச் சுட்டிக்காட்டினார். உடல் அந்த அளவுக்குச் சிதைந்திருந்தது என்றால், நண்பனின் உயிர் நொடியில் பிரிந்திருக்கிறது. நெடுநேரம் துடித்துச் சாகும் வேதனை அவனுக்கு இல்லை. அதிகாரியின் முகம் தெளிந்தது. சில இரவுகள் கனவே வரவில்லை. பிறகு வந்த கனவில் அவர் நண்பனின் உடலைத் தேடிப் போய், மண்டியிட்டு, வீட்டாருக்கு அனுப்ப அவனுடைய பொருள்களை மெல்ல எடுத்தார். விழித்தபோது இருந்தது துக்கம். முன்பிருந்த திகில் இல்லை.

1918இல் லான்செட் இதழில் இதை எழுதிய ரிவர்ஸ், தோல்விகளையும் மறைக்கவில்லை. நல்ல பக்கம் என்று சொல்ல எதுவுமே இல்லாத கோர அனுபவம் ஒன்றைச் சுமந்துவந்த அதிகாரிக்கு இந்த வழி பலிக்கவில்லை. கிராமப்புறத்தில் இருந்தபோது அவருக்கு நிம்மதி கிடைத்திருந்தது. அங்கேயே போகலாம் என்று முடிவாயிற்று. எல்லாத் துயரத்தையும் மாற்றிப் பார்த்துவிட முடியாது. சிலவற்றிலிருந்து விலகத்தான் வேண்டும்.

பெயரிடுவதும் எழுதுவதும்

2007இல் மேத்யூ லீபர்மன் குழுவினர் ஸ்கேனருக்குள் படுத்திருந்தவர்களுக்குக் கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டினார்கள். அந்த உணர்ச்சிக்கு உரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் செயல்பாடு தணிந்தது. முன்மூளையின் வலப்புறப் பகுதி ஒன்று சுறுசுறுப்பானது. முகத்துக்கு வெறுமனே ஓர் ஆளின் பெயரைப் பொருத்தியபோது அப்படி நடக்கவில்லை. "டென்ஷனா இருக்கு" என்பது எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டும் பேச்சு. "மேனேஜர் எல்லார் முன்னாலும் பேசினது அவமானமா இருக்கு", "வட்டி கட்ட முடியாமப் போயிடுமோன்னு பயமா இருக்கு" என்று பிரித்துச் சொன்னால் அடுத்து என்ன செய்யலாம் என்பதும் கூடவே புலப்படத் தொடங்கும்.

சொல்ல ஆள் இல்லையென்றால் காகிதம் இருக்கிறது. 1994இல் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சக ஆய்வாளர்களும் டல்லாஸ் நகரில் வேலை பறிபோன 63 பேரை எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் நடுவயது ஆண்கள், பல்லாண்டுகள் ஒரே நிறுவனத்தில் உழைத்தவர்கள். ஒரு குழு வேலையிழப்பு தந்த உணர்ச்சிகளைத் தினமும் 20 நிமிடம், ஐந்து நாள் எழுதியது. அவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக வேலை தேடி அலையவில்லை. ஆனால் மற்றவர்களைவிட விரைவில் வேலையில் சேர்ந்தார்கள். உள்ளே கொதித்துக்கொண்டிருந்த ஆத்திரம் அடங்கியதால், நேர்காணலில் அது தலைகாட்டவில்லை என்பது ஆய்வாளர்களின் ஊகம். இப்படி எழுதுவதைப் பற்றிப் பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகள் வந்தன. சராசரிப் பலன் சிறியதுதான் என்று அவை காட்டின. ஆனால் செலவு ஒரு நோட்டும் ஒரு பேனாவும் மட்டுமே.

பக்கத்தில் ஓர் ஆள்

ஜெர்மனியின் ட்ரியர் நகரில் ஒரு பரிசோதனை. அந்நியர்கள் அடங்கிய ஒரு குழுவின் முன் பேச வேண்டும், பிறகு மனக்கணக்குப் போட வேண்டும். நெருக்கடி ஹார்மோனான கார்ட்டிசால் பெரும்பாலோருக்கு எகிறிவிடும். 1995இல் கிளெமென்ஸ் கிர்ஷ்பாம் குழுவினர், இந்தச் சோதனைக்கு முந்தைய சில நிமிடங்களில் காதலி கூட இருந்த ஆண்களுக்குக் கார்ட்டிசால் ஏற்றம் தெளிவாகக் குறைந்ததைக் கண்டார்கள். பெண்களுக்குத் துணைவன் வந்ததால் குறையவில்லை. சற்று ஏறுவதாகவே தோன்றியது! 2003இல் மார்க்கஸ் ஹைன்ரிக்ஸ் குழுவினர் 37 ஆண்களிடம், நெருங்கிய நண்பர் கூட இருந்தாலும் இந்தத் தணிப்பு கிடைக்கிறது என்று காட்டினார்கள்.

தனியாகச் சமாளிப்பதில் பெருமைப்படும் ஆணின் உடம்பு துணையை இந்த அளவுக்கு நாடுகிறது. ஆனால் நம் ஆண்களில் பலருக்கு மனத்தைத் திறக்கும் ஒரே ஆள் மனைவி. அவரும் இல்லாமல் போனாலோ, சண்டையே அவரோடுதான் என்றாலோ வேறு கதவு இல்லை. ஹார்வர்டின் நெடுங்கால ஆய்வு 1938இல் தொடங்கி, 268 ஹார்வர்டு மாணவர்களையும் பாஸ்டனின் ஏழைப் பகுதிகளைச் சேர்ந்த 456 சிறுவர்களையும் முதுமைவரை பின்தொடர்ந்தது. முதல் தலைமுறையில் எல்லோரும் ஆண்கள், எல்லோரும் வெள்ளையர் என்ற குறை அதற்கு உண்டு. ஆனாலும் அதன் முடிவை ஒதுக்கிவிட முடியாது. 50 வயதில் உறவுகளில் நிறைவாக இருந்தவர்களே 80 வயதில் உடல்நலத்தோடு இருந்தார்கள். 50 வயதில் எடுத்த கொலஸ்ட்ரால் அளவு சொன்னதைவிட உறவுகள் அதிகம் சொல்லின.

ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து மனம்விட்டுப் பேசத் தயங்குகிறார்கள் என்பதை ஆஸ்திரேலியர்கள் ஒரு வசதியாக மாற்றிக்கொண்டார்கள். 1990களில் அங்கே 'ஆண்கள் பட்டறை' என்ற ஏற்பாடு தோன்றியது. ஓய்வுபெற்றவர்களும் மனைவியை இழந்தவர்களும் ஒரு கொட்டகையில் கூடி மர வேலை செய்வார்கள், பழைய சைக்கிளைப் பழுதுபார்ப்பார்கள். கை வேலையில் இருக்க, தோளுக்குத் தோள் நின்றபடி பேச்சு தானாக வரும். இன்று அந்நாட்டில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டறைகள் இருக்கின்றன. நம் ஊரில் டீக்கடை பெஞ்சும் சலூனும் காலைநடைக் கூட்டமும் ஷட்டில் கோர்ட்டும் ஏற்கெனவே இருக்கின்றன. அங்கே அரசியலும் நிலத்தின் விலையும் அலசப்படுகின்றன. "ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லைடா மாப்ள" என்ற ஒரு வரிக்கும் அங்கே இடம் கொடுத்தால் போதும்.

என்ன செய்யலாம்

எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, கூடிக்கொண்டே போகும் குடி ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது குணக்கேடு அல்ல. பார்க்க வேண்டிய நோயாக இருக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பேச்சு வழிச் சிகிச்சையும் மருந்தும் பலருக்குப் பலன் தருகின்றன. மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும், தமிழிலும், இலவசமாக அழைக்கலாம். சென்னையில் சிநேகா அமைப்பு 1986 முதல் இந்தப் பணியைச் செய்துவருகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனநெருக்கடியில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பதுதான் நிலை. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்க வேண்டியதில்லை.

நண்பரோ தம்பியோ அப்பாவோ கொஞ்ச நாளாகச் சரியில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், நேரடியாகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" இப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பதில் எதுவானாலும் உடனே அறிவுரை சொல்ல வேண்டாம், தத்துவம் பேச வேண்டாம். கூட உட்காருங்கள். டாக்டரிடம் போகும் நாளில் நீங்களும் உடன் போங்கள்.

மகன்களை வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பையன் அழும்போது நிறுத்தச் சொல்லாதீர்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள். பயந்தானா, அவமானப்பட்டானா, ஏமாந்தானா என்று அவனே பிரித்துச் சொல்லட்டும். பிறகு, எங்கே அடக்க வேண்டும், எங்கே சொல்ல வேண்டும் என்பதையும் கற்றுக்கொடுங்கள். இரண்டும் தெரிந்தவன்தான் உறுதியானவன்.